உருகாமல் ஆவியாவது, ஒன்பது எழுத்து

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தார்சினியிடமிருந்து வந்த போன், ரூமியாத்தி ஒரு வாரமாகப் போட்டு வைத்திருந்த திட்டத்தைக் கவிழ்த்துவிட்டது.

"அக்கா, சின்னவனுக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. டாக்டர்கிட்ட காட்டிட்டுப் பதினோரு மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் நீ உக்காந்துக்கோயேன்."

மறுக்க முடியவில்லை. பூர்வோகெர்த்தோ பேருந்து நிலையத்தின் கழிப்பறை வாசலில் பத்தொன்பது வருடமாக மாறி மாறி உட்காருகிறவர்கள் அவர்கள் இருவர்தான். ஒருத்திக்கு முடியவில்லை என்றால் இன்னொருத்தி. வேறு நாதி கிடையாது.

ஆனால் அன்று மகள் பிரமெஸ்தியைப் பெண் கேட்டு ஜோக்ஜாவிலிருந்து ஆட்கள் வரும் நாள். ஹானுங், அவன் அப்பா, அம்மா மூவரும் மதியம் ஒரு மணிக்குக் காரில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. ஹானுங்கைத்தான் நாம் போன வாரம் பார்த்தோமே, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பிரமெஸ்தியிடம் கையை நீட்டிவிட்டு ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தவன்.

"அன்னிக்கு மட்டும் லீவு போட்டுடும்மா" என்று மகள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஏன் மூன்று தடவை என்று ரூமியாத்தி யோசிக்கவில்லை.

"அம்மா! இன்னிக்கா?" பிரமெஸ்தி ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.

"பதினொண்ணுக்குக் கிளம்பிடுவேன்டி. அவங்க வர்றதுக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடியே வீட்ல இருப்பேன். நீ கோழிக் குழம்ப மட்டும் அடிப்பிடிக்காம பாத்துக்கோ."

மகளின் முகம் ஏன் அப்படி வெளிறியது என்றும் ரூமியாத்தி யோசிக்கவில்லை. பையில் பென்சிலையும் குறுக்கெழுத்துப் புத்தகத்தையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புத்தகம் இல்லாமல் அவள் வேலைக்குப் போனதே இல்லை. கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். பிரமெஸ்திக்கு ஆறு வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு கிடைத்த வேலை இது. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு, பேருந்தில் ஏறி விற்கிற பையன்களின் குறுக்கெழுத்துப் புத்தகம்தான் பள்ளிக்கூடம். அதிலும் அறிவியல் தொழில்நுட்பச் சிறப்பு இதழ் என்றால் விடமாட்டாள். அதைத்தான் மற்றவர்கள் வாங்குவதில்லை. அவர்கள் மொழியை எழுதுவது ஆங்கில எழுத்துகளில்தான்; கட்டத்துக்கு ஓர் எழுத்து.

*

ஒன்பதே முக்காலுக்கு ஜோக்ஜா வண்டி வந்தது. கூடவே மழையும் வந்தது.

வண்டியிலிருந்து இறங்கிய கூட்டத்தில் ஓர் ஒல்லியான பெரியவர், நடை என்றும் ஓட்டம் என்றும் சொல்ல முடியாத ஒரு தினுசில் கழிப்பறையை நோக்கி வந்தார். மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை, கறுப்புத் தொப்பி. பெட்டியில் காசைப் போட்டார், உள்ளே போனார், வேறு மனிதராகத் திரும்பி வந்தார்.

மழை வலுத்திருந்தது. ரூமியாத்தி ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தள்ளிவிட்டாள்.

"உக்காருங்க பாக். இந்த மழை ஒரு மணி நேரத்துக்கு நிக்காது."

"நன்றி இபு." அந்தப் பக்கம் ஐயாவுக்கு 'பாக்', அம்மாவுக்கு 'இபு'. குரல் மட்டும் ஜோக்ஜாக்காரர்களுக்கே உரியது. சத்தமாகச் சொன்னால் வார்த்தை உடைந்துவிடுமோ என்று பயந்தது போல. "உங்ககிட்ட ஒரு விவரம் கேக்கலாமா? இந்த நிலைய நிர்வாகத்துல ரூமியாத்தின்னு ஒரு அம்மா வேலை பாக்கறாங்களாமே, தெரியுமா? எப்படிப்பட்டவங்க?"

பென்சில் நின்றது.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எம் பையனுக்கு அவங்க பொண்ணைக் கேக்க வந்திருக்கோம். பையனும் வீட்டுக்காரியும் கார்ல பின்னால வர்றாங்க. பழைய மாணவன் ஒருத்தனைப் பாக்கணும்னு சொல்லிட்டு நான் முன்னால பஸ் ஏறிட்டேன்." குரல் இன்னும் தாழ்ந்தது. "மாணவன்லாம் யாரும் இல்ல. நாலு பேர்கிட்ட விசாரிக்காம எப்படி இபு சம்பந்தம் பண்றது?"

சப்தோனோ. ஹானுங்கின் அப்பா. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்.

"நிர்வாகத்துலன்னு யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சாம். மேஜை நாற்காலி போட்ட வேலையாம்."

ரூமியாத்தி எதிரே பார்த்தாள். காசுப் பெட்டி, காகிதக் கைக்குட்டைப் பொட்டலங்கள், இழுப்பறை போன ஒரு மேஜை. அவள் உட்கார்ந்திருந்தது நாற்காலியில்தான். மகள் சொன்னதில் பாதி உண்மை.

"ஆபீஸ் ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கும் பாக்" என்றாள். அதுவும் உண்மைதான்.

அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். புத்தகத்தின்மேல் குனிந்துகொண்டாள். கட்டங்கள் கலங்கித் தெரிந்தன. இந்த மேஜையில் விழுந்த காசில்தான் பிரமெஸ்தி பட்டயப் படிப்பு முடித்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கேதான் வருவாள், இதே முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இந்த வேலையை என்றைக்கிலிருந்து மறைக்கத் தொடங்கினாள்?

கண்ணீர் விழுந்தால் காகிதம் கிழியும். ரூமியாத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குறிப்பைப் படித்தாள்.

*

சப்தோனோவால் சும்மா உட்கார முடியவில்லை. முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் மாணவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பழகிய கழுத்து.

"இந்தப் புத்தகமா?" அட்டையில் ஒரு நடிகை ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நேரப்போக்குக்கா?"

"அவ ஒண்ணும் கேள்வி கேக்கல பாக். உள்ள இருக்கறவன்தான் கேக்கறான்."

"என்ன கேக்கறான்?"

"கையால் நகர்த்திக் கணினிக்குக் கட்டளையிடும் சிறு கருவி. ஏழு எழுத்து."

"மவுஸ். ஆனா அது அஞ்சு எழுத்து." புருவம் சுருங்கியது. "குறிப்பு தப்பு."

"குறிப்பு சரிதான். தெத்திகுஸ்."

"என்னது?"

"தெத்திகுஸ். திகுஸ்னா எலி, எலியிலேர்ந்து செஞ்ச நம்ம சொந்த வார்த்தை. அகராதியில இருக்கு."

"யாரு இபு அப்படிச் சொல்றா? கடையில போய்க் கேட்டா அடிக்க வருவான்."

"யாரும் சொல்றதில்ல. ஆனா கட்டத்துல அதுதான் பொருந்துது."

சப்தோனோ வாயைத் திறந்து மூடினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அவர் கிட்டப் பார்வைக்காரர். பத்தடிக்கு அப்பால் ஆள் அடையாளம் தெரியாது, பக்கத்திலிருக்கும் பொடி எழுத்துக்குக் கண்ணாடியே வேண்டாம். முக்காலியை மேஜையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்தது என்ன?"

"காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. பத்து எழுத்து."

"டர்பின்!" என்றான் மழைக்கு ஒதுங்கிய ஒரு நடத்துநர்.

"ஆறு எழுத்துக்கு மேல உனக்கு எண்ண வராதா? உன் வண்டியில சீட்டு எப்படிக் கொடுக்கற?" என்றாள் ரூமியாத்தி. கூட்டம் சிரித்தது.

"அனிமோமீட்டர்" என்றார் சப்தோனோ. கேட்டால் பையில் இருந்து எடுத்துத் தருகிற மாதிரி. "நானே தகர டப்பாவுல ஒண்ணு செஞ்சு பள்ளிக்கூட மாடியில மாட்டியிருந்தேன். காக்கா வந்து உக்காரும். காத்தே இல்லாத அன்னிக்கும் சுத்தும்."

ரூமியாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்மேல் கோபமாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. மகள்மேல் வந்த கோபமும் இந்த மனிதரோடு கட்டங்களை நிரப்பும்போது கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

"இதைக் கேளுங்க. ஒரே தனிமம், வேறு எடை. ஆறு எழுத்து. ஐசோடோப்" என்று எழுதிக்கொண்டே சொன்னாள். "பத்து வருஷத்துல இந்த வார்த்தைய ஐம்பது தடவை எழுதியிருப்பேன். அது என்னன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"தெரியாமலா எழுதறீங்க?"

"கட்டம் கேக்கறது எழுத்து பாக். அர்த்தம் கேக்கறதில்ல."

சப்தோனோ அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து விரித்து, நடுவில் நாணயங்களை வைத்து, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து விளக்க ஆரம்பித்தார். உள்ளே போக வந்த இரண்டு பேர் போகாமல் நின்று கேட்டார்கள். ஒருவன் மட்டும் அடக்க முடியாமல் பாதியில் ஓடினான்.

"அட, இவ்வளவுதானா!" என்றாள் ரூமியாத்தி. "இதுக்காடா இவ்வளவு நாள் பயந்தேன்?"

குறுக்கு வரிசையில் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. குறுக்கு வரிசை முழுவதும் முடித்த பிறகே மேலிருந்து கீழ் போவது ரூமியாத்தியின் வழக்கம்.

"திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாவது. ஒன்பது எழுத்து."

அவள் வாய் திறப்பதற்குள் சப்தோனோ சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, சுப்லிமாசி என்று ஒன்பது கட்டத்தையும் நிரப்பிவிட்டார்.

"பேனாவுலயா?" ரூமியாத்தி பதறினாள். "ஐயோ பாக், என் புத்தகத்துல யாராவது பேனா வைப்பாங்களா?"

"சரியான விடைக்குப் பேனா போதும்."

"அப்படியா? மேலிருந்து கீழ் ஒண்ணாவது. இரும்பை இழுப்பது. ஆறு எழுத்து. இதே முதல் கட்டத்துல ஆரம்பிக்குது." பென்சில் முனையால் தட்டினாள். "மேக்னெட் 'எஸ்'லயா பாக் ஆரம்பிக்கும்?"

நடத்துநர் விசிலடித்தான்.

சப்தோனோ கட்டத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. வகுப்பறையில் அவரை இப்படி யாரும் மடக்கியதில்லை.

"மெஞுப்லிம்" என்றாள் ரூமியாத்தி. "'எம்'ல ஆரம்பிக்குது, அதுவும் ஒன்பதுதான். 'ஆவியாதல்'னு கேக்கல, 'ஆவியாவது'ன்னு கேட்டிருக்கான். செய்யறத கேக்கறான், பேரைக் கேக்கல."

ஒரு கணம் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று தோன்றியது. ஆனால் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"தோத்தேன். குறிப்பைச் சரியாப் படிங்கடான்னு முப்பத்திரண்டு வருஷம் கத்தினவன் நான்."

பேனாக் கிறுக்கலுக்கு மேல் எழுத்துகளை அழுத்தி எழுதிக்கொண்டே ரூமியாத்தி கேட்டாள். "இதுக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க. எந்தப் பொருள் உருகாமலே ஆவியாகும்? நான் அப்படி எதையும் பாத்ததே இல்லையே."

சப்தோனோ பதில் சொல்லாமல் மூக்கை உறிஞ்சி முகர்ந்தார். பிறகு எழுந்து போய், கை கழுவும் தொட்டியில் கிடந்த வெள்ளை அந்துருண்டையைக் காட்டினார்.

"இதை எப்பப் போட்டீங்க?"

"திங்கக்கிழமை."

"அப்ப எவ்வளவு பெரிசு?"

"கோலிகுண்டு மாதிரி."

"இப்ப?"

"பட்டாணி." அவள் சொல்லிவிட்டு நிறுத்தினாள். "பாக், இது தண்ணியில கரையுதுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா தண்ணியே படாத மூலையில போட்டதுகூட காணாமப் போகுது. சரி, தார்சினிதான் அலமாரியில போட வீட்டுக்கு எடுத்துட்டுப் போறான்னு…" கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாலு வருஷமா அவளைச் சந்தேகப்படறேன்!"

"அவங்க எடுக்கல. காத்து எடுத்துக்கிச்சு. இந்த வாசனை வருதில்ல, அதுதான் அந்த உருண்டை. அப்படியே நேரா ஆவியாகி உங்க மூக்குக்குள்ள வருது."

ரூமியாத்தி தொட்டியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாரா வாரம் கையால் எடுத்துப் போட்ட பொருள். வருடக்கணக்காகக் கையால் எழுதிய சொல். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அவளுக்கு அது ஏதோ பரிசு விழுந்த மாதிரி இருந்தது.

"இவ்வளவு நேரம் பேசிட்டோம்" என்றார் சப்தோனோ. "உங்க பேரைக் கேக்கவே இல்லையே?"

*

பிரமெஸ்தி அந்த நேரத்தில்தான் குடையோடு ஓடி வந்தாள்.

அரை மணி நேரத்துக்கு முன் ஹானுங்கிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'அப்பா விடியக்காலையிலேயே பஸ் ஏறிட்டாராம். யாரோ பழைய மாணவனைப் பாக்கணுமாம்.' அந்தப் பேருந்து எங்கே வந்து நிற்கும் என்று பிரமெஸ்திக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பியிருந்தாள். ஒரு புருவத்துக்குத்தான் மை தீட்டியிருந்தாள்.

வாசலை நெருங்கியவள் நின்றுவிட்டாள். அம்மாவின் மேஜையருகே, புகைப்படங்களில் மட்டுமே பார்த்த மனிதர். கண்ணாடி இல்லாமல். அவர் இவள் பக்கம் திரும்பினார். பத்தடி தூரத்தில் நீலக் குடை பிடித்த யாரோ ஒரு பெண் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

ரூமியாத்தி மகளைப் பார்த்தாள். அந்த வெளிறிய முகத்தைப் பார்த்தாள். மூன்று தடவை லீவு போடச் சொன்னது இப்போது புரிந்தது.

"ரெண்டாவது கதவு காலியா இருக்கு" என்றாள், வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில். "போயிட்டு வாங்கம்மா."

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வழிவிடுகிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் போதும். தார்சினி அக்கா வந்துவிடுவாள், இவர் போய்விடுவார், ஒரு மணிக்கு எல்லாம் சொன்னபடி நடக்கும்.

குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். நேரே மேஜைக்கு வந்தாள். அம்மாவின் வலது கையை இரண்டு கையாலும் எடுத்து, குனிந்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடும்மா."

ரூமியாத்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் மகளின் ஈரத் தோளைத் துடைத்துவிட்டாள்.

சப்தோனோ அவசரமாகக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"நீ… பிரமெஸ்தி?"

"ஆமா பாக். இவங்க எங்கம்மா, ரூமியாத்தி. ஆபீஸ்ல வேலைன்னு சொன்னது நான்தான். அம்மாவுக்கு அது தெரியாது. ஹானுங்குக்கும் உண்மை தெரியாது."

நடத்துநர் நல்ல பிள்ளையாகத் தன் வண்டிப் பக்கம் நகர்ந்தான்.

"ஒரு மணி நேரமா தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தீங்களா?" சப்தோனோ ரூமியாத்தியைக் கேட்டார்.

"என்னைப் பத்தி என்னென்ன விசாரிப்பீங்கன்னு பாத்தேன். நீங்க எங்க விசாரிச்சீங்க? கட்டத்துல விழுந்துட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. பிரமெஸ்தியிடம் திரும்பினார். "எதுக்கும்மா பொய்? இவங்களைப் பத்தியா?"

"நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு பயந்துட்டேன் பாக். இந்த முக்காலியில உக்காந்துதான் படிச்சேன். அப்ப எனக்கு வெக்கமே இல்ல. இப்ப எப்படி வந்துச்சுன்னு தெரியல."

"வேலை எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள்ள வர்றது…"

"பாக்" என்று ரூமியாத்தி குறுக்கிட்டாள். "தப்புதான். அவளை நான் வீட்ல வெச்சுத் திட்டிக்கறேன். ஆனா உங்க பழைய மாணவன் எப்படி இருக்கான்? பாத்துட்டீங்களா?"

சப்தோனோ மறுபடி வாயைத் திறந்து மூடினார். இந்த அம்மாவிடம் அன்று அது இரண்டாவது முறை.

"எங்க ஊர்ல இப்படி முகத்துக்கு நேரா கேக்கமாட்டாங்க" என்றார் கடைசியில்.

"எங்க ஊர்ல வேற மாதிரி கேக்கத் தெரியாது."

அவர் தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். "சரி. ஒரு மணிக்கு முன்னாடி நீ ஹானுங்கிட்ட சொல்லிடணும். நான் என் வீட்டுக்காரி லிஸ்தியானிகிட்ட சொல்லிடறேன்."

"நீங்க முதல்ல சொல்றீங்களா பாக்?" பிரமெஸ்தி மெல்லக் கேட்டாள்.

"இல்லம்மா. நீ முதல்ல." அவர் குரல் இறங்கியது. "லிஸ்தியானிகிட்ட எனக்குக் கொஞ்சம் பயம்."

பதினோரு மணிக்குச் சரியாகத் தார்சினி வந்து சேர்ந்தாள். ரூமியாத்தி அவளைக் கட்டிப்பிடித்து, "அதை நீ எடுக்கலடி, காத்து எடுத்துக்கிச்சு" என்றாள். "காய்ச்சல் எம் பையனுக்கா, உனக்கா?" என்று தார்சினி திருப்பிக் கேட்டாள்.

சப்தோனோ புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டார். மேலிருந்து கீழ் வரிசை இன்னும் பாக்கி இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பார்க்கலாமே என்றார். பேனாவை மட்டும் ரூமியாத்தி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மழை விட்டபாடில்லை. நிலையத்துக் கூரையின் கீழேயே பிரமெஸ்தி போனை எடுத்தாள். இரண்டாவது மணியில் ஹானுங் எடுத்துவிட்டான்.

"ஹானுங், உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இப்பவே."

"வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். கார் ஸ்பீக்கர்ல இருக்கு, அம்மாவும் பக்கத்துல…"

"யாரு? பிரமெஸ்தியா?" என்றது ஒரு பெண் குரல். ஆசையாகத்தான் கேட்டது. "சொல்லும்மா, என்ன விஷயம்?"

பிரமெஸ்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சப்தோனோ கூரையின் ஓட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எங்கம்மா ஆபீஸ்ல வேலை பாக்கல" என்றாள் பிரமெஸ்தி. "பேருந்து நிலையத்துல கழிப்பறையைப் பாத்துக்கறாங்க. பத்தொன்பது வருஷமா. அந்தச் சம்பாத்தியத்துலதான் நான் படிச்சேன். ஆபீஸ்னு சொன்னது என்னோட பொய்."

போனில் காரின் மழைத் துடைப்பான் இரண்டு முறை போய் வந்த சத்தம் கேட்டது. ஹானுங் ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

"நீ பேசாதே" என்றது லிஸ்தியானியின் குரல். "வண்டியை ஓரம் கட்டு."